டிகிரி முடிச்சாச்சு, அடுத்து என்ன?



கல்லூரியை விட்டு வெளியே வருகிற பெண்ணுக்கு அவள் கேட்காமலேயே ஒரு கால அட்டவணை தயாராக இருக்கிறது. அதைப் போட்டவர்கள் அவளுடைய பெற்றோர் மட்டுமல்ல. தொலைக்காட்சியில் இரண்டு பாட்டுக்கு நடுவே, வாரப் பத்திரிகையின் பின்னட்டையில், நகரப் பேருந்தின் முதுகில், இப்போது கைப்பேசியில் விரல் நகருமிடமெல்லாம் அந்த அட்டவணை ஓடிக்கொண்டேயிருக்கிறது. பட்டமளிப்பு அங்கியோடு சிரிக்கிறாள். முகத்துக்கு க்ரீம் பூசிக்கொண்டு நேர்முகத் தேர்வுக்குப் போகிறாள். வேலை கிடைத்த கையோடு பெண் பார்க்க வருகிறார்கள். அப்புறம் பட்டு, நகை. அப்புறம் குக்கர். அப்புறம் இரண்டு கோடு தெரிகிற அட்டை. அப்புறம் சட்டையெல்லாம் சேறாக்கிக்கொண்டு வரும் பையன். கடைசியில் முழங்கால் வலிக்குத் தைலம். இருபத்தொரு வயசுல ஆரம்பிச்சு ஐம்பதுக்குள்ள ஒரு பொம்பளையோட வாழ்க்கை முப்பது முப்பது நொடியாக முடிந்துபோகிறது. இந்த அட்டவணையில் அவள் சங்கம் சேர்வதில்லை, சம்பளப் பிடித்தம் பற்றிக் கேட்பதில்லை, யாரோடும் சண்டை போடுவதில்லை. தானாக ஒருவனைக் காதலிப்பதும் அரிது. காதலித்தாலும் அவன் எந்தத் தெரு என்ற கேள்வி வராமல் பார்த்துக்கொள்வார்கள்.

இதைப் பற்றி ஆசிரியவுரை எழுதத்தான் வேண்டுமா என்று குழுவுக்குள்ளேயே விவாதம் வந்தது. "நிலம், கூலி, வன்கொடுமைன்னு இவ்வளவு கெடக்கும்போது விளம்பரத்தப் பத்திப் பேசுறது மிடில் கிளாஸ் பெண்ணியம் தோழர்" என்றார் ஒருவர். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆதிதிராவிடர் நல விடுதியில் தங்கி, உதவித்தொகை எப்போது வரும் என்று ஒவ்வொரு பருவத்திலும் காத்துக் கிடந்து, தன் குடும்பத்திலேயே முதல் ஆளாகப் பட்டம் வாங்கும் பெண்கள் இன்று நம் ஊர்களில் இருக்கிறார்கள். அவர்களுடைய அம்மாக்களுக்கு இந்த அட்டவணை அந்நியமானது. நாற்றங்காலில் நின்றவளிடம் யாரும் "அடுத்த கட்டம் என்ன" என்று கேட்டதில்லை. மகளிடம் கேட்கிறார்கள். அதனால் நிலத்தைப் பற்றியும் கூலியைப் பற்றியும் பேசுவதாகவே நினைத்து இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். இது எவனோ ஒரு விளம்பரக்காரனின் மூளையில் திடீரென்று உதித்ததல்ல. வணிக மேலாண்மை படிக்கிறவர்களுக்கு இது பாடம். 1966-இல் வெல்ஸ், கூபர் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் சந்தை ஆய்வு இதழொன்றில் எழுதிய கட்டுரையில் குடும்ப வாழ்க்கையைக் கட்டம் கட்டமாகப் பிரித்து வைத்தார்கள்: தனியாள், புதுமணத் தம்பதி, பிள்ளைகள் நிறைந்த கூடு, பிள்ளைகள் பறந்துபோன வெறுங்கூடு, கடைசியில் துணையை இழந்து எஞ்சி நிற்பவர். எந்தக் கட்டத்தில் எதை வாங்குவார்கள் என்று கணித்துவிட்டால் விற்பவனுக்கு வேலை சுலபம். அரை நூற்றாண்டுக்கு முந்தைய அமெரிக்க நடுத்தரக் குடும்பத்தின் கூடு இங்கே வந்து இறங்கியபோது அதற்கு நம்மூர்க்காரர்கள் மஞ்சள் குங்குமம் வைத்துக் கிரகப்பிரவேசம் நடத்திவிட்டார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

என் ஆயாவை இந்தக் கட்டங்களில் எதில் வைப்பது? முப்பது வயதுக்குள் புருசனைப் பறிகொடுத்தவள். நாலு பிள்ளைகள். அறுப்புக்குப் போனாள், செங்கல் சூளைக்குப் போனாள், ஊர்த்தெருவில் சாணி வாரினாள். சில வருசம் கழித்து இன்னொருவரோடு சேர்ந்து வாழ்ந்தாள். யாரும் அவளை ஒதுக்கி வைக்கவில்லை. நிறைந்த கூடும் இல்லை, வெறுங்கூடும் இல்லை; கூரையே வருசத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டிய வீடு. "எனக்கு என்னாடி வயசு, வேலைக்குப் போனா வயசு, போவாட்டி கெழவி" என்பாள். சந்தை ஆய்வாளர்கள் அவளைக் கேள்வித்தாளோடு தேடி வந்திருந்தால் திரும்பிப் போயிருப்பார்கள்.

உண்மையில் வராமலே கணக்கு வைத்திருக்கிறார்கள். இந்திய விளம்பர உலகம் 1980-களின் இறுதியிலிருந்து சமூகப் பொருளாதார வகைப்பாடு என்ற ஒன்றைப் பயன்படுத்தி வந்தது. நகரத்துக் குடும்பங்களை வீட்டில் அதிகம் சம்பாதிப்பவரின் படிப்பையும் தொழிலையும் வைத்து ஏ, பி, சி என்று பிரிப்பார்கள். கிராமத்தில் படிப்பும் வீட்டின் வகையும் அளவுகோல்; ஆர்-1 முதல் ஆர்-4 வரை. மண்சுவர், ஓலைக்கூரை, எழுத்தறியாதவர் என்றால் ஆர்-4. சேரி முழுக்கவே அந்தக் கடைசி எண்ணில் அடங்கிவிடும். 2011-இல் இதை மாற்றிப் புதிய முறை கொண்டுவந்தார்கள். அதில் தொழில் போய்விட்டது. படிப்போடு வீட்டிலிருக்கும் பதினொரு பொருட்களைக் கணக்கெடுத்தார்கள். மின் இணைப்பு, மின்விசிறி, கேஸ் அடுப்பு, கலர் டி.வி., குளிர்சாதனப் பெட்டி, துவைக்கும் இயந்திரம், கார் என்று போகும் அந்தப் பட்டியலில் ஒன்று விவசாய நிலம். 1892-இல் கொடுக்கப்பட்ட பஞ்சமி நிலத்தைப் பறிகொடுத்துவிட்டு நாம் இன்னும் மனு எழுதிக்கொண்டிருக்கிறோம். அவர்கள் ஏட்டில் நிலம் என்பது வாசிங் மிசினுக்குப் பக்கத்தில் ஒரு பொருள். சாதி என்ற கேள்வி அந்தப் படிவத்தில் இல்லை. கேட்கத் தேவையுமில்லை, நிலத்தையும் கல்வியையும் கேட்டாலே பாதிக்குமேல் தெரிந்துவிடும்.

ஆனால் ஆர்-4-ஐச் சந்தை ஒரேயடியாக ஒதுக்கிவிடவில்லை. அன்றாடக் கூலியில் வாங்கக்கூடிய விலைக்கு எதையும் பொட்டலம் போடலாம் என்று கண்டுபிடித்தது நம்ம பக்கத்திலேதான். கடலூர்ச் சின்னிகிருஷ்ணனைத்தான் பாக்கெட் முறையின் முன்னோடி என்று வணிக உலகம் கொண்டாடுகிறது. 1980-களில் அவருடைய மகனின் நிறுவனம் பாக்கெட் சாம்பூவைக் கிராமத்துப் பெட்டிக்கடை வரைக்கும் கொண்டுபோனது. சீயக்காய்க்கும் அரப்புக்கும் பதில் ஒரு ரூபாய் சாம்பூ. அதில் எனக்கு ஒன்றும் வருத்தமில்லை. சேரிப்பெண் தலைக்கு வாசனையாகக் குளிப்பதை ஊரான் பொறுத்துக்கொள்ளாத காலத்தை எங்கள் அம்மாக்கள் பார்த்திருக்கிறார்கள். நல்ல சேலை கட்டினால், செருப்புப் போட்டால் அடி விழுந்த இடத்தில் நுகர்வும் ஒரு கலகம்தான். காந்தி குல்லாவோடு எளிமை பேசுகிறவர்கள் எங்களுக்கு வகுப்பெடுக்க வேண்டாம். பிரச்சினை சாம்பூவில் இல்லை. அதே நிறுவனம் 1998-இல் சிவப்பழகு க்ரீமையும் சந்தைக்குக் கொண்டுவந்தது. அது எதை விற்கிறது என்பதுதான் கேள்வி.

ஃபேர் அண்ட் லவ்லி 1975-இல் சந்தைக்கு வந்தது. ஆரம்பத்தில் அது கல்யாணத்துக்கு விற்கப்பட்டது. பெண்கள் படித்து வேலைக்குப் போக ஆரம்பித்ததும் அதே பசை வேலைக்கு விற்கப்பட்டது. மகன் இல்லையே என்று பெருமூச்சு விடும் அப்பா; கேட்டுவிட்ட கறுத்த மகள்; குழாய்ப் பசை; வெளுத்த மகள் விமானப் பணிப்பெண். அந்த விளம்பரத்தை நம்மில் பலர் பார்த்திருப்போம். அனைத்திந்திய ஜனநாயக மாதர் சங்கம் புகார் செய்து தொடர்ந்து போராடிய பிறகு 2003-இல் மத்திய செய்தி ஒலிபரப்பு அமைச்சகம் இரண்டு விளம்பரங்களை நிறுத்தச் சொன்னது. அதே 2003-இல் அந்த க்ரீமின் பெயரிலேயே ஒரு அறக்கட்டளை தொடங்கி, பெண்களின் உயர்கல்விக்கு உதவித்தொகை கொடுக்க ஆரம்பித்தார்கள். கறுப்பாயிருந்தா வேலை கிடைக்காதுன்னு சொன்ன வாய்தான், படி தாயி நான் பணம் தர்றேன் என்கிறது. 2014-இல் விளம்பரத் தொழிலின் சுய கட்டுப்பாட்டு அமைப்பு, கறுத்தவர்களைச் சோகமானவர்களாகவோ வேலைக்கும் கல்யாணத்துக்கும் தகுதி குறைந்தவர்களாகவோ காட்டக் கூடாது என்று விதி போட்டது. 2020-இல், அமெரிக்காவில் ஜார்ஜ் ஃப்ளாய்ட் கொல்லப்பட்டு உலகமெங்கும் போராட்டம் வெடித்த பிறகு, 'ஃபேர்' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'க்ளோ' என்று மாற்றினார்கள். மினியாபொலிசில் ஒரு கறுப்பு மனிதன் மூச்சுத்திணறிச் சாக வேண்டியிருந்தது, நம் பெட்டிக்கடையில் ஒரு எழுத்து மாற.

இங்கே ஒரு விசயம். நிறமும் சாதியும் ஒன்றல்ல. தீண்டாமை இனவேறுபாட்டிலிருந்து வந்தது என்ற வாதத்தை அம்பேத்கர் 1948-இல் வெளியான தன் நூலில் மறுத்தார். நம் தெருவில் சிவந்தவர்களும் உண்டு, அக்கிரகாரத்தில் கறுத்தவர்களும் உண்டு. அறிவியலாக இது பொய் என்று தெரிந்தும் சந்தை அந்தப் பொய்யை விற்கிறது. 'பார்த்தா அப்படித் தெரியல' என்று நம் பெண்களிடம் பாராட்டுப்போல் சொல்லப்படும் வசவு எங்கிருந்து வருகிறது என்று யோசியுங்கள். விடுதி அறையில் ஐந்து ரூபாய்ப் பொட்டலத்தை மூன்று பேர் பங்கிட்டுப் பூசுகிறபோது அந்தப் பிள்ளைகள் வாங்குவது அழகை மட்டுமல்ல. கேட்கப்படாமல் கடந்துபோகும் ஒரு நேர்முகத் தேர்வை, தெரு பெயர் சொல்லாமல் கிடைக்கும் ஒரு வாடகை அறையை.

அடுத்த கட்டம் கல்யாணம். ஞாயிற்றுக்கிழமை நாளிதழின் மணமகள் தேவைப் பக்கத்தை ஒரு வாரம் உட்கார்ந்து படித்துப் பாருங்கள். வயது, நிறம், படிப்பு, நட்சத்திரம், உட்பிரிவு. நடுநடுவே சில பரந்த உள்ளங்கள்: சாதி தடையில்லை. அதற்குப் பக்கத்திலேயே அடைப்புக்குறி போட்டு எஸ்.சி./எஸ்.டி. தவிர. உலகத்தில் வேறெந்த மொழியிலாவது தடையில்லை என்ற சொல்லுக்குப் பின்னால் இப்படி ஒரு அடைப்புக்குறி இருக்குமா தெரியவில்லை. இப்போது இணையத்தில் சாதிக்கொரு கல்யாணத் தளம் வந்துவிட்டது, அடைப்புக்குறிக்கும் வேலையில்லை. அகமண முறைக்குக் கணிப்பொறி வைத்துக் கொடுத்திருக்கிறார்கள்.

1916 மே மாதம், கொலம்பியா பல்கலைக்கழகத்துக் கருத்தரங்கு ஒன்றில் இருபத்தைந்து வயது அம்பேத்கர் வாசித்த கட்டுரையைப் படித்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. சாதியின் சாரம் அகமணம் என்றார். ஒரு கூட்டம் தனக்குள்ளேயே மணம் முடித்துக்கொள்ள வேண்டுமென்றால் ஆண் பெண் எண்ணிக்கை சமமாக இருக்க வேண்டும். கணவன் செத்தால் மனைவி உபரியாகிவிடுகிறாள், அவள் வெளியே போனால் சாதி உடையும். அதற்காகத்தான் உடன்கட்டை, கட்டாய விதவைக்கோலம், சிறுமித் திருமணம். பெண்ணின் வயசுக்கு வேலி போடுவதுதான் சாதிக்கு வேலி போடுவது என்பதை இவ்வளவு துல்லியமாக அதற்கு முன் யாரும் சொல்லவில்லை. இருபத்துமூணு ஆச்சு, இருபத்தஞ்சு ஆச்சு என்று நகைக்கடையும் ஜவுளிக்கடையும் அடிக்கிற மணி அந்த வேலியில் கட்டிய மணிதான். படித்து, சம்பாதித்து, நகரத்தில் அறை எடுத்துத் தங்கி, தானே முடிவெடுக்கும் மூன்று நான்கு ஆண்டுகள் ஒரு பெண்ணுக்குக் கிடைத்துவிடக் கூடாது. அந்த ஆண்டுகளை முடிந்தவரை சுருக்கு, முடியாவிட்டால் தங்கத்தால் மூடு.

அந்த ஆண்டுகளில் என்ன நடக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். கௌசல்யாவும் சங்கரும் பொள்ளாச்சியில் ஒரே கல்லூரியில் படித்தவர்கள். 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டை பேருந்து நிலையத்துக்கு அருகே, பட்டப்பகலில், கடைகள் திறந்திருக்க, ஆட்கள் பார்த்துக்கொண்டிருக்க சங்கரை வெட்டிக் கொன்றார்கள். அவரோடு கௌசல்யாவும் வெட்டுப்பட்டார். கல்லூரி முடிந்த பெண்ணின் அடுத்த கட்டம் என்று எந்த விளம்பரத்திலும் வராத கட்டம் அது. பிறகு அந்தப் பெண் பிழைத்தெழுந்து பறையடிக்கக் கற்றுக்கொண்டதும், நீதிமன்றத்தில் பெற்றவர்களுக்கு எதிராகச் சாட்சி சொன்னதும் எந்தச் சந்தைக் கட்டத்திலும் அடங்காது.

கல்லூரிக்கே போகாதவர்களுக்கும் இதே கல்யாணத்தைத்தான் விற்றார்கள். கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் பக்கத்து நூற்பாலைகளின் சுமங்கலித் திட்டம் தெரியும் உங்களுக்கு. பதின்வயதுப் பெண்ணை மூன்றாண்டு ஒப்பந்தத்தில் ஆலை விடுதிக்குள் வைத்துக்கொண்டு, முடிவில் முப்பதாயிரமோ ஐம்பதாயிரமோ மொத்தமாகக் கையில் தருவது, கல்யாணச் செலவுக்கு. தரகர்கள் துண்டறிக்கையோடு தென்மாவட்டக் கிராமங்களில் இறங்கினார்கள். உடம்பு முடியாமல் முன்கூட்டியே திரும்பினால் அந்தப் பணம் போச்சு. அது இனாம் ஒன்றுமில்லை, அவளுடைய அன்றாடக் கூலியில் பிடித்து வைத்ததுதான். 2011-இல் நெதர்லாந்து ஆய்வு அமைப்பு ஒன்று வெளியிட்ட அறிக்கை, இப்படி அடைக்கப்பட்டவர்களில் பாதிக்கு மேல் தலித் பெண்கள் என்று சொன்னது. பெயரைக் கவனியுங்கள்: சுமங்கலி. விதவையை அமங்கலி என்று ஓரங்கட்டும் பார்ப்பனியச் சொல். அறுத்துக்கட்டும் வழக்கமுள்ள நம் வீட்டுப் பெண்ணைக் கொத்தடிமையாக்க அந்தச் சொல்லையே தூண்டிலாகப் போட்டார்கள். விளம்பர வரலாற்றில் இதைவிடக் கச்சிதமான பெயர் சூட்டல் எதுவும் எனக்குத் தெரியாது.

அரசும் இந்த அட்டவணைக்கு வெளியே நிற்கவில்லை. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் 1989-இல் தி.மு.க. ஆட்சி திருமண உதவித் திட்டம் கொண்டுவந்தது. தேவதாசி முறைக்கு எதிராக வாழ்நாளெல்லாம் போராடிய பெண்ணின் பெயரில் தாலிக்கு உதவி! 2011-இல் அ.தி.மு.க. ஆட்சியில் அதோடு நாலு கிராம் தங்கம் சேர்ந்தது, 2016-இல் எட்டு கிராம் ஆனது. பத்தாவது படித்த பெண்ணுக்கு 25,000 ரூபாய், பட்டம் அல்லது பட்டயம் வாங்கியவளுக்கு 50,000. இதை நான் கேலி செய்யவில்லை. அந்த நிபந்தனைக்காகவே பத்தாவது வரைக்கும் பள்ளிக்கூடத்தில் விடப்பட்ட பிள்ளைகள் எங்கள் ஊரிலேயே உண்டு. கந்துவட்டிக்காரனிடம் போகாமல் தப்பித்த அப்பன்கள் உண்டு. ஆனால் அரசு ஆணை ஒரு பெண்ணின் பட்டப்படிப்புக்கு என்ன விலை வைத்தது என்பதைப் பாருங்கள். இரண்டு மடங்கு கல்யாணம். 2022-இல் அந்தத் திட்டத்தை உயர்கல்வி உறுதித் திட்டமாக மாற்றி, அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்ணின் கணக்கில் மாதம் ஆயிரம் ரூபாய் போட ஆரம்பித்தார்கள். தாலியிலிருந்து படிப்புக்கு வர முப்பத்துமூன்று ஆண்டுகள். சரியான மாற்றம்தான், தயக்கமில்லாமல் வரவேற்கிறேன். 'தாலிக்குத் தங்கத்தை நிறுத்திட்டாங்களே' என்று அப்போது எழுந்த கூச்சலையும் மறக்கவில்லை.

படித்துவிட்டு வேலைக்குப் போனால்? இதுவரை சொன்ன விளம்பரங்களெல்லாம் கட்டிக்கோ கட்டிக்கோ என்றவை. வேலை விளம்பரம் நேர் எதிராகப் பேசுகிறது. ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலையில் ஐபோன் கோக்கும் வேலைக்குக் கல்யாணமான பெண்களை எடுப்பதில்லை என்பதை 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் வெளிக்கொண்டுவந்தது. கட்டியவளுக்குக் குடும்பப் பொறுப்பு, கர்ப்பம், விடுப்பு. தாலி, மெட்டி உலோகம் உற்பத்திக்கு இடைஞ்சல் — இப்படிக் காரணங்கள். கட்டியவர்களையும் எடுத்திருக்கிறோம், பாகுபாடு இல்லை என்று நிறுவனம் மறுத்தது. மத்தியத் தொழிலாளர் அமைச்சகம் 1976-ஆம் ஆண்டுச் சம ஊதியச் சட்டத்தைச் சுட்டிக்காட்டி மாநில அரசிடம் அறிக்கை கேட்டது. அதே ஆண்டு நவம்பரில், ஆள்பிடிக்கும் முகவர்களிடம் விளம்பரத்தில் வயது, பாலினம், திருமணம் பற்றிப் போடாதே என்று நிறுவனம் சொல்லியிருப்பதாக மீண்டும் செய்தி வந்தது. விளம்பர வாசகம் மாறியது. எடுக்கும் முறை மாறியதா என்பதை அந்தப் பேருந்துகளில் ஏறி இறங்கும் பெண்கள்தான் சொல்ல வேண்டும். 2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாட்டில் விசம் கலந்ததுபோலாகி 150-க்கும் மேற்பட்டவர்கள் மருத்துவமனையில் கிடந்தபோது சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையை மறித்து உட்கார்ந்தவர்கள் அவர்கள். பேசத் தெரியாதவர்கள் அல்ல.

ஒரே பெண்தான், கவனியுங்கள். காலையில் வேலை விளம்பரம் அவளிடம் சொல்கிறது: கழுத்தில் ஒன்றுமில்லாமல் வா. மாலையில் நகை விளம்பரம் சொல்கிறது: கழுத்தில் ஒன்றுமில்லாமல் இருக்காதே. ஒன்று அவளுடைய இருபதிலிருந்து இருபத்தைந்து வரைக்குமான உடம்பை வாங்குகிறது, இன்னொன்று அந்த ஐந்தாண்டுச் சம்பளத்தைத் திரும்ப வாங்குகிறது. இடையில் அவள் கையில் நிற்பது என்ன? தங்கச்சி படிப்புக்குக் கட்டிய பணம், அப்பா வாங்கிய கடன், பாதி கட்டின வீடு. இந்த மூன்றையும் எந்த விளம்பரமும் ஒரு கட்டமாகக் காட்டுவதில்லை. நம் வீட்டுப் பெண் பிள்ளைகளின் கல்லூரிக்குப் பிந்தைய வாழ்க்கை பெரும்பாலும் இந்த மூன்றுதான்.

இப்போதெல்லாம் மாறிடுச்சு தோழர், நவீனப் பெண்ணைக் காட்டுகிறார்கள் என்பார்கள். பார்த்தேன். 2013-இல் ஒரு நகை நிறுவனம் மாநிறப் பெண்ணின் மறுமணத்தைக் காட்டியது; புரட்சி என்று புகழ்ந்தார்கள். நம் தெருவில் மறுமணத்துக்கு யாரும் புகழ்பாடியதில்லை, இழிவாகத்தான் பேசினார்கள். மேலே போனதும் அது முற்போக்கு. 2014-இல் ஒரு கைப்பேசி நிறுவன விளம்பரம்: மனைவி அதிகாரி, கணவன் அவளுக்குக் கீழே ஊழியன். அவனுக்கு வேலை கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய் அவனுக்காக விதவிதமாகச் சமைத்து, படம் பிடித்துக் காட்டி, சீக்கிரம் வா என்கிறாள். அதிகாரம் ஆபீசோடு சரி. 2015-இல் ஒரு சோப்புத்தூள் நிறுவனம் துணி துவைப்பதைக் கணவனும் பங்கிட்டுக்கொள்ளச் சொன்னது. மிகச் சரியான கோரிக்கை. ஆனால் அந்த வீட்டில் உண்மையாகத் துவைப்பது யார்? சென்னையில் கண்ணகி நகரிலிருந்தும் பெரும்பாக்கத்திலிருந்தும் விடிகாலைப் பேருந்தில் ஏறி அடுக்குமாடிகளுக்குப் போகிற பெண். கூவம் கரையிலிருந்தும் நகரத்தின் நடுவிலிருந்தும் பிடுங்கி அங்கே கொண்டுபோய்ப் போடப்பட்டவள். கணவனுக்கும் மனைவிக்கும் நடுவில் சுமையைச் சமமாகப் பங்குபோடும் சட்டகத்துக்குள் அவள் வரவேயில்லை. தனி டம்ளரில் காப்பி வாங்கிக் குடித்துவிட்டு, தனி லிஃப்டில் இறங்கிப் போய்விட்டாள்.

1942 ஜூலை 20 அன்று நாக்பூரில் ஒடுக்கப்பட்ட வகுப்புப் பெண்கள் மாநாட்டில் அம்பேத்கர் பேசியதை நம் வாசகர் வட்டங்களில் ஒருமுறை சேர்ந்து படிக்க வேண்டும். ஆயிரக்கணக்கில் கூடியிருந்த, பெரும்பாலும் எழுதப் படிக்கத் தெரியாத அந்தப் பெண்களிடம் அவர் கல்யாணத்துக்கு அவசரப்படாதீர்கள் என்றார். அது ஒரு பொறுப்பு, தாங்கும் பொருளாதார நிலை வராமல் பிள்ளைகள் தலையில் சுமத்தாதீர்கள் என்றார். மணம் செய்துகொள்கிறவள் கணவனுக்குத் தோழியாக, சமமானவளாக நிற்க வேண்டும், அடிமையாக மறுக்க வேண்டும் என்றார். அந்த வயல்வெளிப் பெண்களுக்கும் கல்லூரிக்குப் பிந்தைய வாழ்க்கை ஒன்று வரும் என்று எண்ணித்தான் பேசியிருக்கிறார்.

விடுதித் தோழியரிடம் ஒன்று கேட்கிறேன். நீங்கள் படிப்பை முடித்த பிறகு வந்த முதல் இரண்டு ஆண்டுகளை எழுதி அனுப்புங்கள். கதையாக வேண்டாம், கவிதையாகவும் வேண்டாம். கவிதை நிறைய வந்து கிடக்கிறது. என்ன வேலை, எவ்வளவு சம்பளம், அதில் வீட்டுக்கு எவ்வளவு, தங்கிய இடத்தில் சாதி கேட்டார்களா, கல்யாணப் பேச்சு எப்போது தொடங்கியது, யார் தொடங்கினார்கள். இரண்டு பக்கம் போதும். பெயர் போட வேண்டாமென்றால் போட மாட்டோம். அடுத்த இதழில் எட்டுப் பக்கம் இதற்கென்றே ஒதுக்கியிருக்கிறோம். ஆண் தோழர்கள் இந்த முறை படிப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

இன்னொரு செய்தி. இந்த இதழின் பின்னட்டைக்கு நமக்குத் தெரிந்த ஒரு ஜவுளிக்கடைக்காரர் விளம்பரம் தர முன்வந்தார். அச்சுக்கூலியில் பாதி அதில் தேறியிருக்கும். படத்தில் பட்டுச்சேலையோடு வெட்கப்பட்டுத் தலைகுனிந்து நிற்கும் மணப்பெண். படம் வேண்டாம், கடையின் பெயரும் முகவரியும் மட்டும் போடலாமே என்றோம். "பொண்ணு இல்லாம என்னாங்க பட்டு விளம்பரம்" என்று சிரித்துக்கொண்டே எழுந்து போய்விட்டார். பின்னட்டை காலியாக வந்திருக்கிறது, விலை ஐந்து ரூபாய் கூடியிருக்கிறது. சந்தா பாக்கி வைத்திருப்பவர்கள் இந்த மாதத்துக்குள் அனுப்பிவிடுங்கள்.